ஐடாஸ்கா பூங்கா: மிசிசிப்பி பிறக்கும் ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே, காடும் ஏரியும் கலந்து கிடக்கும் 32,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஐடாஸ்கா மாநிலப் பூங்கா. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறிய, பெரிய ஏரிகள். அவற்றில் ஒன்றிலிருந்துதான் மிசிசிப்பி ஆறு புறப்படுகிறது. கல்லில் கால் வைத்து ஆற்றைத் தாண்டி, படம் எடுத்து, அரை மணி நேரத்தில் காரைத் திருப்பிவிடுகிறவர்களே அதிகம். நான்கு மணி நேரம் ஓட்டிப் போய் அரை மணியில் திரும்புவது பெட்ரோலுக்குச் செய்யும் பாவம். குறைந்தது இரண்டு நாள் தங்க நினைப்பவர்களை மனதில் வைத்தே இந்தப் பதில்கள்.

ஐடாஸ்கா என்பது செவ்விந்தியப் பெயரா?

ஒலியைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. 1832-இல் ஓசாவிண்டிப் என்ற ஒஜிப்வே பூர்வகுடித் தலைவர் வழிகாட்ட, அமெரிக்க ஆய்வுப்பயணி ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் இந்த ஏரிக்கு வந்தார். 'உண்மை', 'தலை' என்று பொருள்படும் 'வெரிடாஸ்', 'கபுட்' என்ற இரண்டு லத்தீன் சொற்களை ஒட்டி, முன்னும் பின்னும் வெட்டி எறிந்து, நடுவில் மிஞ்சியதைப் பெயராக வைத்தார். ஒஜிப்வே மக்கள் இதை எல்க் மான் ஏரி என்ற பொருளில் ஓமஷ்கூசோ ஏரி என்றே அழைத்துவந்தார்கள். வழிகாட்டியவருக்கு இந்த இடம் ஏற்கெனவே தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்தத் தோன்றும்.

எப்படிப் போவது? நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

மாநிலத்தின் பெரிய நகரமான மினியாபொலிஸிலிருந்து சுமார் 220 மைல், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். தெற்கிலிருந்து வருபவர்களுக்குப் பார்க் ரேப்பிட்ஸ், வடக்கிலிருந்து வருபவர்களுக்கு பெமிட்ஜி ஆகியவைதான் வழியில் உள்ள பெரிய ஊர்கள். பெட்ரோல், பால், தயிர், ஐஸ், கொசு மருந்து எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

கட்டணம் ஆளுக்கு அல்ல, காருக்கு. 2024 நிலவரப்படி ஒரு நாளைக்கு 7 டாலர், ஆண்டு அனுமதிக்கு 35 டாலர். ஆண்டு அனுமதி மாநிலத்தின் எல்லா மாநிலப் பூங்காக்களுக்கும் செல்லும். ஆண்டில் ஐந்து நாளுக்கு மேல் போகிறவர்களுக்கு அதுவே லாபம். தேசியப் பூங்காக்களுக்கான பாஸ் இங்கே செல்லாது. வாசலில் இதைச் சொன்னதும் முகம் சுருங்குபவர்கள் நிறைய.

ஆற்றின் தலைப்பகுதியில் உண்மையில் என்ன இருக்கிறது?

ஏரியின் வடமுனையில் வரிசையாகக் கிடக்கும் கற்கள். அவற்றுக்கு இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் ஆறு. ஆற்றின் அகலம் சுமார் 18 அடி, ஆழம் முழங்காலுக்குள். பக்கத்தில் மஞ்சள் எழுத்து செதுக்கிய மரத்தூண் ஒன்று நிற்கிறது: கடல்மட்டத்திலிருந்து 1,475 அடி உயரத்தில் தொடங்கி, மெக்சிகோ வளைகுடாவுக்கு 2,552 மைல் போகிறது என்று அது சொல்கிறது. இங்கே புறப்படும் ஒரு துளி நீர் கடலைச் சேரச் சுமார் 90 நாள் ஆகும் என்பார்கள்.

இரண்டு விஷயங்கள் பலருக்கு வியப்பாக இருக்கும். ஒன்று, தெற்கே போகும் ஆறு என்று நாம் படித்த மிசிசிப்பி இங்கே வடக்கு நோக்கித்தான் கிளம்புகிறது. பெமிட்ஜி வரை போய்தான் கிழக்கே திரும்பி, பிறகு தெற்கே இறங்குகிறது. இன்னொன்று, அந்தக் கல்வரிசை இயற்கையாக அமைந்ததல்ல. சேறும் சதுப்புமாக இருந்த வாயைச் சீர்செய்து, 1930-களில் அரசு வேலைத்திட்ட இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்டது.

கற்களின் மேல் நடப்பது பாதுகாப்பானதா?

நீரின் ஆழத்தால் ஆபத்தில்லை, பாசியால் உண்டு. ஈரக் கல்லில் படிந்த பாசி கண்ணுக்குத் தெரியாது, கால் வைத்த பிறகுதான் தெரியும். வழுக்கினால் மணிக்கட்டும் போனும்தான் முதலில் அடிபடும்.

ரப்பர் அடி உள்ள, குதிகாலைப் பிடிக்கும் செருப்பு போடுங்கள். ரப்பர் ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். கல்லிடுக்கில் சிக்கி அது தனியே போகும், நீங்கள் தனியே போவீர்கள். கல் மேல் தாவாமல், கற்களுக்குக் கீழே ஆற்றுப் பக்கம் இறங்கி நீருக்குள்ளேயே நடந்தால் விழ வாய்ப்பு குறைவு; அடியில் மணலும் கூழாங்கல்லும்தான். வயதானவர்களுக்குச் சற்றுக் கீழே மரப்பாலம் இருக்கிறது. மேரி கிப்ஸ் பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்திவிட்டுத் தலைப்பகுதிக்குப் போகும் பாதை சமதளம், சக்கர நாற்காலி போகும்.

கோடை சனி, ஞாயிறு நண்பகலில் அந்தத் தூணருகே கல்யாண வீட்டுப் பந்திபோல வரிசை நிற்கும். காலை எட்டு மணிக்குப் போனால் நீங்களும், தண்ணீரின் சத்தமும், சில சமயம் ஒரு நீர்நாயும் மட்டுமே.

மேரி கிப்ஸ் யார்?

1903-இல் இந்தப் பூங்காவின் ஆணையராக இருந்தவர், அப்போது வயது 24. தந்தையின் மறைவுக்குப் பின் அந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. மரம் வெட்டும் கம்பெனி, கட்டைகளை மிதக்கவிட அணை கட்டி ஏரி நீரைத் தேக்கியதால் கரை மரங்கள் நீரில் மூழ்கின. துப்பாக்கியோடு நின்ற கம்பெனி ஆட்களின் முன்னால், 'மதகைத் திற' என்று அவர் வாதாடினார். 1891-இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மாநில சட்டமன்றம் இந்தப் பூங்காவை உருவாக்கியது. நில அளவையாளர் ஜேக்கப் புரோவர் அதற்காக ஓயாமல் போராடினார். இன்று அந்த ரெட் பைன் மரங்களின் கீழ் நடக்க முடிகிறதென்றால், அது இந்த இரண்டு பேரின் பிடிவாதம்.

எந்த மாதம் போகலாம்?

மே மாதத்தில் ஏரிப் பனி உருகி முடிந்திருக்கும், கூட்டமில்லை, கொசுவும் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் நீர் பனிக்கட்டிக் குளிர். ஜூன் பின்பாதியில் மாநில மலரான லேடீஸ் ஸ்லிப்பர் பூக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குழந்தையின் காலணி போலிருக்கும் அதைப் பறிப்பது சட்டப்படி குற்றம். ஜூலையில் குளிக்க நல்ல தண்ணீர், கூடவே கொசுவின் ராஜ்ஜியம். செப்டம்பர் பின்பாதிதான் எங்கள் தேர்வு: மேப்பிள் இலைகள் சிவந்து, கொசு ஒழிந்து, இரவில் நெருப்பு மூட்டினால் அதன் அருமை தெரியும். ஆனால் உண்ணி அப்போதும் இருக்கும்.

கரடி, ஓநாய் பயம் உண்டா?

கரடி உண்டு, கருங்கரடி. ஓநாயும் உண்டு, பார்ப்பது அரிது, கேட்பதற்கு வாய்ப்பு அதிகம். கரடி ஆளைத் தேடி வருவதில்லை, வாசனையைத் தேடி வருகிறது. கூடாரத்துக்குள் பிஸ்கட், ஊறுகாய், பற்பசை, நறுமண சோப்பு எதுவும் வைக்காதீர்கள். எல்லாம் காருக்குள், கண்ணாடி ஏற்றி, கதவு பூட்டி. குப்பையை இரவு மேசை மேல் விடாதீர்கள். மேசை மேல் விட்ட சாம்பார் பாத்திரத்தை ரக்கூன் திறப்பதற்கு மூடி ஒரு தடையே அல்ல.

கரடிக்குப் பயந்து ராத்திரி தூங்காதவர்கள், பகலில் அரைக்கால் சட்டையோடு புல்லில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். இந்தக் காட்டில் பயப்பட வேண்டியது எள்ளளவு உயிருக்குத்தான்.

உண்ணியைப் பற்றி விளக்கமாகச் சொல்லுங்கள்.

இங்கே இரண்டு வகை. முதுகில் வெள்ளைக் கோடு தெரியும் மர உண்ணி பெரிது, பெரும்பாலும் தொந்தரவு மட்டும். மான் உண்ணி சிறிது. அதுதான் லைம் என்ற பாக்டீரியா நோயைக் கொண்டுவருவது. அதன் இளம் பருவம் கசகசா விதை அளவு. முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டி, தலைமுடிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், வலிக்காது.

அது மரத்திலிருந்து விழுவதில்லை. புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிப் போகிறவரைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பாதையின் நடுவில் நடப்பதுதான் முதல் பாதுகாப்பு. வெளிர்நிறக் கால்சட்டை போட்டு, அதன் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகுங்கள். அழகில்லைதான், ஆனால் ஏறுவது கண்ணில் படும். தோலில் 20 முதல் 30 சதவிகித டீட் (DEET) கலந்த பூச்சிவிரட்டி மருந்து. உடையில் 0.5 சதவிகித பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தெளிப்பு. அதைத் தோலில் அடிக்கக் கூடாது, கிளம்புவதற்கு முந்தின நாள் வெளியில் தொங்கவிட்டு அடித்து முழுதாகக் காயவிட வேண்டும். பூனை வளர்ப்பவர்கள் கவனிக்கவும்: காயாத பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

மாலையில் குளிக்கும்போது உடலைத் தடவிப் பாருங்கள், குழந்தைகளின் காதுப் பின்புறத்தையும் முடியையும் விட்டுவிடாதீர்கள். உடைகளை ட்ரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டினால் உண்ணி செத்துவிடும். துவைப்பதால் மட்டும் சாகாது.

ஒட்டியிருந்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டி, தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல், ஒரே சீராக நேரே மேலே இழுக்கவும். எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். சுட்டால் அது வயிற்றிலிருப்பதைக் கக்கிவிடும் என்பதுதான் சிக்கல். பிறகு சோப்பால் கழுவி, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் தொற்ற வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த 30 நாளுக்குள் விரிந்துகொண்டே போகும் சிவப்புத் தடிப்போ, காய்ச்சலோ, மூட்டுவலியோ வந்தால் உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் சளிக்காய்ச்சல் என்று நினைக்கலாம்.

கனூ, கயாக் போன்ற துடுப்புப் படகுகள் ஓட்டத் தெரியாது. வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், பூங்காவிலேயே கிடைக்கும், சைக்கிளும் கிடைக்கும். ஐடாஸ்கா ஏரி வேகப் படகுகளுக்கான ஏரி அல்ல என்பதால் கற்றுக்கொள்ள நல்ல இடம். மின்னசோட்டாவில் படகிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் கட்டாயம். 10 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் அதைப் போட்டிருக்கவே வேண்டும். பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், கவிழ்ந்த பிறகு அதைப் போட முயல்வது, மழையில் நனைந்தபின் குடை விரிப்பது போன்றது.

ஏறும்போது படகின் நடுவில், குனிந்து, இரண்டு விளிம்பையும் பிடித்துக் காலை வையுங்கள். ஓரத்தில் வைத்தால் அங்கேயே குளியல். திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை, வேகம் கொடுப்பது முன்னால் இருப்பவர் வேலை. இருவரும் ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் படகு வட்டமடிக்கும். குடும்பச் சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது. குழந்தை நடுவில், அடித்தளத்தில் உட்காரட்டும், இருக்கைக் கட்டையின் மேல் அல்ல.

அடுத்த விஷயம் காற்று. ஏரி மூன்று கைகளாகப் பிரிந்து நீளமாகக் கிடக்கிறது. காலையில் கண்ணாடிபோல இருக்கும், மதியத்துக்கு மேல் காற்றெழும்பி நடுவில் அலை புரளும். ஆகவே முதலில் எதிர்க்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரட்டும். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் சாயங்காலம் கரை சேராமல் தவிப்பவர்கள். எதிர்க்காற்றில் படகின் முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும்; முன்பக்கம் லேசானால் காற்று மூக்கைப் பிடித்துத் திருப்பிவிடும். கூலரை முன்னால் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். எப்போதும் கரையையொட்டியே போங்கள்.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள், அது மூழ்காது. பிடித்துக்கொண்டு கரைப்பக்கம் தள்ளுங்கள். மே மாத நீரில் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு தானாகத் தெறிக்கும். வாய் நீருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் விரல்கள் பிடிக்கும் பலத்தை இழக்கத் தொடங்கும். இடி கேட்டால் உடனே கரைக்கு, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்து இறங்குங்கள்.

சொந்தப் படகு கொண்டு போனால்?

படகைவிட அதில் ஒட்டிவரும் உயிர்கள்தான் அதிகாரிகளுக்குக் கவலை. ஏரியை விட்டுக் கிளம்புமுன் களையை எல்லாம் பிய்த்துப் போட்டு, அடித்துளை மூடியைக் கழற்றி நீரை வடித்து, மூடியைத் திறந்தே வைத்து ஓட்ட வேண்டும். தூண்டில் புழுக்கள் மிஞ்சினால் குப்பைத் தொட்டியில், மீன் இரை இருந்த தண்ணீர் தரையில். ஏரியில் கொட்டக் கூடாது. காற்று நிரப்பும் கயாக்கும் விதிவிலக்கல்ல. மடிப்புகளில் ஈரம் தங்கினால் அதுவே போதும்.

மீன் பிடிக்க உரிமம் வேண்டுமா?

16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வேண்டும். வால்ஐ (walleye), நார்தர்ன் பைக், புளூகில் ஆகிய மீன்கள் கிடைக்கும். பழகாதவர்களுக்குப் புளூகில்தான்: சிறிய கொக்கி, ஒரு துண்டு மண்புழு, மிதவைக்கும் கொக்கிக்கும் இரண்டு மூன்று அடி. தவறு செய்பவர்கள் பெரும்பாலும் பெரிய கொக்கியால்தான் செய்கிறார்கள். அதன் வாய் சிறியது.

ஏரிக்கரையில் குளித்த பிறகு உடம்பு அரிப்பது ஏன்?

பறவைகளில் வாழும் ஒரு ஒட்டுண்ணியின் குட்டிகள் நத்தையிலிருந்து வெளிவந்து, வாத்தைத் தேடி மனிதத் தோலில் தவறுதலாக நுழைகின்றன. அங்கேயே செத்துப்போகும், ஆனால் தோல் தடித்து அரிக்கும். ஆபத்தில்லை, ஒரு வாரத்தில் தணியும். கரையோர ஆழமற்ற, வெதுவெதுப்பான நீரில்தான் அதிகம். வெளியே வந்ததும் வெயிலில் காயவிடாமல் துண்டால் அழுத்தித் துடைப்பதே மருந்து. உயிர்காப்பாளர் கிடையாது, குழந்தையைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

ஏரி நீரைக் குடிக்காதீர்கள். தெளிந்திருந்தாலும் வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்.

கூடாரம் போட இடம் எப்படிப் பிடிப்பது?

பேர் பா, பைன் ரிட்ஜ் என இரண்டு முகாம் பகுதிகள். பேர் பா ஏரிக்கருகில், பைன் ரிட்ஜ் காட்டுக்குள். 120 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும், கோடை வார இறுதிகள் விரைவில் தீர்ந்துவிடும். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 வரும் வாரத்துக்கு வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரத்திலேயே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை கேட்டால் எளிதாகக் கிடைக்கும். ஒரு தனி இடத்துக்கு 6 பேர் வரை. பெரிய நண்பர் கூட்டம் என்றால் குழு முகாமைத் தேடுங்கள். இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரம். இளையராஜா பாட்டானாலும் ஸ்பீக்கரை அணைத்துத்தான் ஆக வேண்டும். கூடாரம் ஒத்துவராதவர்களுக்கு 1905-இல் கட்டிய டக்ளஸ் லாட்ஜ் இருக்கிறது.

கோடையிலும் இரவு 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கலாம். ஸ்லீப்பிங் பேக்கின் கீழே பாய்விரிப்பு இல்லாமல் படுத்தால், உடல் எடையால் அடிப்பகுதி நசுங்கிச் சூட்டை இழக்கும். தரைதான் உங்களைக் குளிர வைக்கும்.

விறகு, சமையல்?

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாது. ஆஷ் மரத்தைக் கொல்லும் பச்சை வண்டு போன்ற பூச்சிகள் அதில் பயணிக்கும். பூங்காவில் அல்லது அங்கீகரித்த கடையில் வாங்குங்கள். விழுந்த மரக்கிளைகளைப் பொறுக்கவும் அனுமதியில்லை. நெருப்பு இரும்பு வளையத்துக்குள் மட்டும். அணைக்கும்போது நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுப் பாருங்கள். தொட முடியாத சூடு இருந்தால் இன்னும் அணையவில்லை.

சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்புதான் நிம்மதி. செப்டம்பர் குளிரில் பியூட்டேன் மட்டுமுள்ள உருளை ஆவியாகாமல் தீ மங்கும். புரொப்பேன் உருளை வாங்குங்கள். வெங்காயமும் மிளகாயும் வீட்டிலேயே நறுக்கி, பருப்பை ஊறவைத்துக் கூலரில் எடுத்துப் போனால் குக்கரில் கால் மணியில் சாம்பார் சாதம். பாத்திரம் தேய்த்த நீரை ஏரியிலோ, குடிநீர்க் குழாயடியிலோ ஊற்றாதீர்கள்; பருப்பு வாசனை கரடிக்கும் தெரியும்.

நடக்க, சைக்கிள் ஓட்ட எது நல்லது?

ஒரு மணி நேரமே இருந்தால் டக்ளஸ் லாட்ஜ் பக்கம் தொடங்கும் டாக்டர் ராபர்ட்ஸ் பாதை, 2 மைல். வழியில் 1934-இல் கட்டிய ஓல்ட் டைமர்ஸ் குடிசை. சுவர் எழுப்ப நான்கே கட்டைகள்தான் அடுக்கியிருக்கிறார்கள், அத்தனை பருமன். வெட்டப்பட்ட காடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அதைவிட நேரடியான அளவுகோல் வேறில்லை. பிரீச்சர்ஸ் குரோவில் 250 வயதைத் தாண்டிய ரெட் பைன்கள் இன்னும் நிற்கின்றன. பட்டையைத் தொட்டால் அடுக்கடுக்காகக் கழன்று வரும்போல் இருக்கும். கழற்றாதீர்கள். அந்தத் தடித்த பட்டைதான் பழைய காட்டுத்தீயிலிருந்து அவற்றைக் காத்தது.

சைக்கிளில் முழுச்சுற்று சுமார் 16 மைல். அதில் 6 மைல் தனிப் பாதை. மீதி 10 மைல் வைல்டர்னஸ் டிரைவ், கார்களோடு பகிர்ந்துகொள்ளும், பெரும்பாலும் ஒருவழியான சாலை. மேடு பள்ளம் அதிகம். ஒருவழி என்பதால் பாதியில் களைத்தாலும் திரும்ப முடியாது. குழந்தைகளோடு போனால் தனிப் பாதையில் போய் அதிலேயே திரும்புங்கள். வைல்டர்னஸ் டிரைவிலிருந்து அரை மைல் நடந்தால் ஏய்ட்டன் ஹைட்ஸ் காட்டுத்தீக் கண்காணிப்புக் கோபுரம், 100 அடி. படிகள் வழியே கீழே தரை தெரியும். உயர பயம் உள்ளவர்கள் முதல் தளத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள். மேகம் திரண்டால் ஏறவே கூடாது.

நாய் கொண்டு போகலாமா? ட்ரோன்?

நாய்க்கு 6 அடிக்கு மிகாத கயிறு. அதன் உடம்பிலும் உண்ணி தேடுங்கள். ட்ரோன் மாநிலப் பூங்காக்களில் அனுமதியின்றி ஏற்றி இறக்கக் கூடாது.

குளிர்காலத்தில் போனால் என்ன இருக்கும்?

பனியில் நடக்கும் ஸ்னோஷூ, கிராஸ் கன்ட்ரி ஸ்கீ. ஸ்கீக்கு 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். இரவில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது சாதாரணம், போன் பேட்டரி அரை மணியில் விழும். உள் பையில் உடலோடு ஒட்டி வையுங்கள். பனிக்கட்டி மேல் நடக்கப் புதிய, தெளிந்த கட்டி குறைந்தது 4 அங்குலம் வேண்டும்; வெள்ளையாக மாறிய கட்டி என்றால் இரட்டிப்பு. ஆற்றின் வாய்ப்பகுதியில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே கட்டி மெலிதாகவே இருக்கும், ஏரி எவ்வளவு உறைந்தாலும். கல் வரிசையைக் கரையில் நின்றே பாருங்கள்.